ஒரு நாளும் இரண்டு மணி நேரமும்

சேகரனின் பஸ்ஸில் தினமும் நாற்பது பேர் போய்வருகிறார்கள். அவன் பெயர் தெரிந்தவர்கள் அதில் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் அவன் மேல் புகார் எழுதுவதற்காகப் பெயரைக் கேட்டு வாங்கியவர். அக்ரஹாரத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு ஹெப்பாளில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் வாசலில் இறக்கிவிடுகிற பஸ் அது. ஏறுகிறவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள், அப்படியே இறங்குகிறார்கள். சேகரனுக்கு அவர்கள் எல்லோரையும் தெரியும். எவள் ஈரத்தலையோடு ஓடிவருவாள், எவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி முகம் மாறியிருக்கிறது, எந்த இருவர் ஒரே நிறுத்தத்தில் ஏறியும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் மேலே இருக்கிற கண்ணாடியில் தெரியும். யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

ஊர் ஹனூர் பக்கம். மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிற குடும்பம். பத்தொன்பது வயதில் கொள்ளேகாலில் லாரிக்கு கிளீனராகப் போய், லாரி ஓட்டி, பிறகு மைசூருக்கு வந்து பஸ் ஓட்டினான். தாய்மாமன் மல்லப்பனின் மகள் ஜீவிதாவைக் கட்டினான். குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது.

ஜீவிதா ஊதுவத்தி பாக்கெட் போடுகிற இடத்தில் வேலை பார்த்தாள். குவியலுக்குள் கையை விட்டு எடுத்தால் சரியாக இருபது குச்சி வரும். எண்ண மாட்டாள். பார்க்கக்கூட மாட்டாள். பக்கத்தில் இருப்பவளோடு சண்டை போட்டுக்கொண்டே எடுப்பாள், இருபதுதான் இருக்கும். தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரு நாள் மேஸ்திரி முனிராஜ் ஒரு தட்டு பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் பதினேழு. ஒன்றில் இருபத்திநாலு.

"ஏன்மா, வத்தி இலவசமா குடுக்கறோமா?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழுதாள். தலைவலி நான்கு நாளாக இருந்ததை அப்போதுதான் சொன்னாள்.

"எப்படி வலிக்குது?"

"ஈரத்துணிய உள்ள போட்டு முறுக்கறாப்புல இருக்குதுங் மாமா."

தெருமுனை கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டைபாய்டு கொஞ்சம் இருக்கிறது என்றார்கள். ஐந்து நாள் ஊசி போட்டார்கள். சாயங்காலம் காய்ச்சல் வரும், காலையில் போய்விடும். சோறு இறங்கவில்லை. மறுபடியும் ஐந்து நாள் ஊசி. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஜன்னலுக்குப் பழைய புடவையைக் கட்டினாள். அந்த மங்கலில் படுத்துக்கொண்டு ஒரு நாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போனீங்கன்னா, முதுகுல ஊசி போட்டு தண்ணி எடுக்கறேம்பாங்க. விட்றாதீங்க. எங்கப்பனைப் பாத்தீங்கள்ல?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப."

"விடமாட்டேன்னு சொல்லுங்க."

"விடமாட்டேன்."

மல்லப்பன் கதை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பாடம். பதினாறு வருடத்துக்கு முன்பு அவரைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். அதோடு கால் இரண்டும் போயிற்று. நாலு வருடம் கட்டிலில் கிடந்து செத்தார். அப்போது ஜீவிதா கொள்ளேகாலில் சித்தி வீட்டில் தங்கிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். சேகரன் லாரியோடு நாக்பூர் பக்கம் இருந்தான். இருவரும் திரும்பி வந்து பார்த்தது கட்டிலைத்தான். ஹனூர் பக்கம் அதன் பிறகு யாருக்கு என்ன வந்தாலும், முதுகைத் தொட விடாதே என்று சொல்லித்தான் பஸ் ஏற்றி அனுப்புவார்கள்.

பதினெட்டாவது நாள், திங்கட்கிழமை காலை, சேகரன் யூனிபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது ஜீவிதா எழுந்து வந்து எதிரில் நின்றாள். தலை வாரியிருந்தாள். கையில் ஒரு பை இருந்தது. மரியாதையாகக் கேட்டாள்.

"அண்ணா, இந்த பஸ் கொள்ளேகால் போகுங்களா?"

அவன் பித்தானைப் போட்டு முடித்தான்.

"போகும்," என்றான். "ஏறிக்கோ."

பெரிய ஆஸ்பத்திரியில் பிரசாந்த் என்கிற இளம் டாக்டர் அவள் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். கழுத்து மடங்கவில்லை. தலையோடு தோளும் சேர்ந்து எழுந்தது, பலகையைத் தூக்குவதுபோல. ஸ்கேன் எடுத்தார்கள். பத்து மணிக்கு டாக்டர் ஒரு காகிதத்தோடு வந்தார். கன்னடத்தில் பேசினார். நிதானமாகவே பேசினார்.

"மூளையைச் சுத்தி இருக்கற சவ்வுல கிருமி இறங்கியிருக்கு. எந்தக் கிருமின்னு தெரியணும். டி.பி.யா இருக்கலாம்னு சந்தேகம். முதுகுத்தண்டுல இருந்து கொஞ்சம் நீர் எடுத்தா, இங்கயே ஒரு மெஷின் இருக்கு. கிருமியோட மரபணுவையே தேடிப் பாக்கும். ரெண்டு மணி நேரத்துல சொல்லிடும். முன்னாடியெல்லாம் வளர்த்துப் பாக்க ஆறு வாரம் ஆகும். கையெழுத்துப் போடுங்க."

"வேண்டாம் சார்."

"எது வேண்டாம்?"

"முதுகுல வேண்டாம். மருந்து குடுங்க."

"எதுக்குன்னு குடுக்கறது?"

டாக்டர் இன்னொரு முறை சொன்னார். படம் வரைந்து காட்டினார். ஊசி போகிற இடத்தில் தண்டுவடமே இல்லை, அது மேலேயே முடிந்துவிடுகிறது என்று கோடு போட்டுக் காட்டினார். சேகரன் படத்தைப் பார்த்தான். புரிந்தது. புரிந்ததற்கும் கைக்கும் ஏதோ சம்பந்தம் இல்லாமல் இருந்தது. அவன் சொன்ன வார்த்தை இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டவள் அங்கே படுத்திருக்கிறாள், திருப்பிக் கொடு என்று கேட்கிற நிலையில் அவள் இல்லை.

டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதினார். பொதுவான மருந்தை சொட்டு சொட்டாக ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மத்தியானம் ஜீவிதாவின் அண்ணன் கந்தசாமி ஹனூரிலிருந்து வந்து சேர்ந்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் வேட்டி கசங்கியிருந்தது. தங்கையைப் பார்த்தான். கூப்பிட்டான். அவள் கண்ணைத் திறந்து அவனைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள்.

"கையெழுத்து கிய்யெழுத்து போட்டியா மாப்ளே?"

"இல்லைங் மச்சான்."

"போடாதே. உசுரு போனாலும் போடாதே."

தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அப்படியே அந்த நாள் போயிற்று. சேகரன் அதைப் பிறகு பலமுறை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கிறான். பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு முறை டீ குடித்தான். சொட்டு எண்ணினான். பஸ் டிப்போவுக்குப் போன் பண்ணி நாளைக்கும் வர மாட்டேன் என்றான். அவ்வளவுதான் அந்த நாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜீவிதாவின் இடது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்கியிருந்தது. மார்பில் கையை வைத்து அழுத்தினால்தான் முனகினாள். பிரசாந்த் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இந்த முறை காகிதத்தை எடுக்கவில்லை. கந்தசாமியைப் பார்த்து, அவனுக்குப் புரிகிற கன்னடத்தில், "உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சு? சும்மா சொல்லுங்க, கேக்கறேன்," என்றார்.

கந்தசாமிக்கு அந்தக் கதையைச் சொல்லப் பிடிக்கும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். கையை ஆட்டி ஆரம்பித்தான். கோயமுத்தூர், பெரிய வார்டு, நீளமான ஊசி, போட்ட மறுநாளே கால் இரண்டும் மரக்கட்டை.

"ஊசிக்கு முன்னாடி நடந்தாரா?"

"நடந்தாருங்களே."

"வீட்டுல இருந்து பஸ்ஸுக்கு நடந்தா போனார்?"

"இல்ல. பஸ்ஸுக்கு நான்தான்..."

கந்தசாமி கையை அப்படியே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். இரண்டு கையும் பின்னால் கோர்த்தபடி, ஒரு ஆளின் எடையைத் தாங்குவதுபோல லேசாகக் குனிந்து நின்றான்.

"நான்தான் சொமந்துட்டுப் போனேன்," என்றான்.

அடுத்த கட்டிலில் ஒரு கிழவர் இருமி முடித்தார்.

"அதுக்கு முன்னாடி ஒரு மாசமாவே எந்திரிக்கல. கொல்லைக்கும் நான்தான் தூக்கீட்டுப் போவேன். மாப்ளே, நான்தான் தூக்கீட்டுப் போனேன்."

பதினாறு வருடமாக அதே கதையைச் சொல்லி வந்த வாய் அது. யாரும் அவனைக் குறுக்கே கேட்டதில்லை. அவனும் தன் முதுகை அந்தக் கதையில் சேர்த்துக்கொண்டதில்லை.

சேகரன் டாக்டரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். கேட்டு எடுத்தானா, கேட்காமல் எடுத்தானா என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. கையெழுத்துப் போட்டான். மணி பத்தே முக்கால்.

திரைக்கு வெளியே நின்றான். திரைக்குக் கீழே டாக்டரின் செருப்பும் நர்ஸின் செருப்பும் தெரிந்தன. கால் மணி நேரம். பிறகு பிரசாந்த் மூன்று சின்னக் குழாய்களோடு வெளியே வந்தார். இரண்டை நர்ஸ் வாங்கிக்கொண்டாள். மூன்றாவதில்தான் அதிகம் இருந்தது.

"இந்த டெஸ்டுக்கு நிறைய வேணும். நீர் நிறைய இருந்தாத்தான் கிருமி சிக்கும். வார்டு பாய் வர லேட் ஆகும், நீங்களே கொண்டுபோயிடறீங்களா? பின்னாடி கட்டடம், டி.பி. லேப். நிக்காதீங்க."

சேகரன் குழாயை வாங்கினான். இருபது வருடமாக எதையெதையோ ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். சிமெண்ட், வாழைத்தார், கம்பெனி ஆட்கள். இது உள்ளங்கைக்குள் அடங்கியது. சூடு இருந்தது. உள்ளே இருந்தது தண்ணீர்தான், பார்க்க வேறு எதுவாகவும் இல்லை. வெயிலில் பிடித்தால் கெட்டுப்போகுமோ என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தான். ஓடினால் குலுங்குமோ என்று ஓடவில்லை. நிற்காதீர்கள் என்றதால் எதிரே ஸ்ட்ரெச்சர் வந்தபோதும் நிற்காமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தான்.

லேபில் இருந்தவள் சுலோசனா. ஐம்பது வயது இருக்கும். மூக்கை மூடிய மாஸ்குக்கு மேலே கண்ணாடி. சீட்டைப் படித்துவிட்டுக் கன்னடத்தில் ஊர் கேட்டாள். ஹனூர் என்றதும் தமிழுக்கு மாறினாள்.

"வார்டுல இருந்து நேரா வந்தீங்களா? நடுவுல டீ கீ குடிக்கலையே?"

"இல்லைங்."

"கேக்கறதுல தப்பில்ல. போன வாரம் ஒருத்தர் சாம்பிளைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, ஜாதகம் பாக்கறவர்கிட்ட போயிட்டு வந்தார். ஸ்வல்ப உக்காருங்க. முதல்ல வேகமா சுத்த விடணும், அடியில தங்கறதைத்தான் மெஷின்ல வைக்கணும். எல்லாம் சேத்து ரெண்டு மணி நேரம் ஆகும்."

"ரெண்டு மணி நேரத்துல கண்டிப்பா தெரிஞ்சுருங்களா?"

சுலோசனா கையுறையை மாட்டிக்கொண்டே பேசினாள். "இருக்குன்னு சொன்னா இருக்கு. இல்லைன்னு சொன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. அப்போ டாக்டர்தான் யோசிக்கணும். மெஷின்தானே, அதுக்குக் கிடைச்சதைத்தான் சொல்லும்."

கதவு மூடியது. வராந்தாவில் இரும்பு பெஞ்சு இருந்தது. கந்தசாமி வார்டில் தங்கையோடு இருந்தான். சேகரன் உட்கார்ந்தான், எழுந்தான், உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டினான். பிறகு மறுபடியும் தட்டினான். மூன்றாவது தடவை சுலோசனாவே வந்து திறந்தாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் ஓட்டறேனுங்."

"உங்க பஸ்ல ஏறினவங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா உங்க தோளைத் தட்டி, ஹெப்பாள் வந்துடுச்சா, வந்துடுச்சான்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"வந்தா நிறுத்துவேன்னு சொல்லுவேனுங்."

"அதேதான்," என்று கதவை மூடினாள்.

அதன் பிறகு தட்டவில்லை. இரண்டு மணி நேரம் என்பது எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். அக்ரஹாரத்திலிருந்து ஹெப்பாளுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் ஒருமுறை போய்வரலாம். அவ்வளவுதான். நேற்று பத்து மணிக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் நேற்று மத்தியானத்துக்குள் முடிந்திருக்கும். கந்தசாமி வந்து இறங்குவதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும். அந்தக் கணக்கைப் போட்டான். விடை வந்தது. விடை வந்தபோது எதுவும் ஆகவில்லை. வராந்தாவின் மூலையில் யாரோ கழற்றிப் போட்டுப்போன ஒரு குழந்தைச் சட்டை கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தபோது சுலோசனா போனில் பேசிக்கொண்டே வந்தாள். டாக்டரிடம்தான். டி.பி. கிருமி இருக்கிறது, முக்கியமான மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமிதான் என்று கன்னடத்தில் இரண்டு வாக்கியம். போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இருக்குங்க."

"நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"மருந்து இருக்கற பேரு வந்திருக்கு. போங்க, ஆரம்பிச்சுடுவாங்க."

அவன் வார்டுக்குத் திரும்பிப் போனபோது பிரசாந்த் ஏற்கெனவே மருந்துச்சீட்டு எழுதி முடித்திருந்தார். மாத்திரையைப் பொடித்து மூக்கு வழியாக இறக்கிய குழாயில் விட்டார்கள். வீக்கம் குறைய இன்னொரு மருந்து. கந்தசாமி கட்டிலின் கால்மாட்டில் நின்று தங்கையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். கால் விரலை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான்.

ஒன்பது நாள் அவள் அப்படியே கிடந்தாள். பத்தாவது நாள் தண்ணீர் கேட்டாள். பதினைந்தாவது நாள் அண்ணனிடம், "காடு என்னாச்சு, சோளம் ஒடிச்சாச்சா?" என்று கேட்டாள். கந்தசாமி வெளியே போய் வெகுநேரம் வரவில்லை. வந்தவன் அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பினான். சோளம் ஒடிக்க வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று சேகரன் பிரசாந்தை வராந்தாவில் நிறுத்தினான்.

"சார், முந்தின நாளே போட்டிருந்தா, அந்தக் கண்ணு..."

டாக்டர் கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பை ஒரு பக்கமாக இழுத்தார். "நேரம் ஆக ஆக மோசமாகற நோய் இது. அது உண்மை. ஆனா ஒரு நாள்ல என்ன போச்சுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. கண்ணு சரியாகலாம். மாத்திரையை நிறுத்தாதீங்க, ஒரு வருஷம்."

சேகரன் தலையாட்டினான். அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை. எது பதிலாக இருந்திருக்கும் என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது மாசி. சேகரன் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டான். கம்பெனி ஆட்களில் ஒரு பெண், ஈரத்தலைக்காரி, முதல் நாள் ஏறும்போது காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "எங்கண்ணா போயிட்டீங்க? புது டிரைவர் எங்க ஸ்டாப்புல நிறுத்தவே மாட்டார்," என்றாள். "ஊருக்கு," என்றான்.

ஜீவிதா ஊதுவத்திக்குப் போவதில்லை. வலது கை நடுங்குகிறது. ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரங்கள் அவளுக்கு ஞாபகமே இல்லை. அதற்கு முன்னால் நடந்தது எல்லாம் இருக்கிறது, வார்த்தை வாங்கியது உட்பட. முதுகைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. காலையில் அவன் கிளம்புவதற்கு முன்னால் மாத்திரை. அதை மட்டும் இருவரும் தவறவிடுவதில்லை.

இன்று காலை அவன் சமையலறைக்குள் வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரி காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது.

"இதுல அட்டெண்டர் மறுத்தார்னு எழுதியிருக்குது. அட்டெண்டர்னா நீங்கதானுங்களே?"

"ஆமா."

"அடுத்த நாள் கையெழுத்துப் போட்டார்னு போட்டிருக்குது. அதும் நீங்கதானா?"

"நான்தான்."

"விடமாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அடுப்பில் பால் இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னான். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைச் சொன்னான். அப்பாவை வீட்டிலிருந்தே சுமந்துதான் கொண்டுபோனார்கள் என்றான். ஊசி அல்ல, நோய்தான் காலை எடுத்தது என்றான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"அண்ணன் எங்கிட்ட சொல்லவே இல்ல," என்றாள் கடைசியில்.

"அவருக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

காகிதத்தை மடித்தாள். நடுங்குகிற கையில் அது நேராக மடியவில்லை. மறுபடி பிரித்து மடித்தாள்.

"அப்ப அந்த ஒரு நாளு?"

"நீ சொன்னியேன்னு இருந்துட்டேன்."

ஜீவிதா கண்ணிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கண்ணாலும் அவனையே பார்த்தாள். இடது கண் மூக்கோரத்தில் நின்றது.

"ரெண்டு பேரா தெரியறீங்க மாமா," என்றாள். "இதுல போடாதவன் எவன், போட்டவன் எவன்?"

அவள் வேடிக்கை பண்ணுகிறாளா என்று முகத்தில் தேடினான். தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

"ஓரமா நிக்கறவன்தான் போடாதவன்," என்றான்.

"அவன் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கறான்," என்றாள். "சரி, மாத்திரையைக் குடுங்க."

நான்கு மாத்திரையை உரித்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினாள். அவன் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போய் வெறும் காற்றைப் பிடித்தது. கை போன இடத்துக்கு அவன் டம்ளரைக் கொண்டுபோனான்.